எண்ணும் தெரிவும்: தமிழ் அறிவியல் புனைவுச் சித்திரக்கதைகளைச் சேகரிக்கும் மரபு

காமிக்ஸ் என்று பொதுவாக வழங்கும் சித்திரக்கதை இதழ்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் பழக்கம், 1972 சனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்ட பிறகே தமிழ்நாட்டில் தெளிவான வடிவம் பெற்றது. அதற்கு முன்பும் வார இதழ்களில் படக்கதைகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் ஒரு முழுக்கதையைத் தனிப் புத்தகமாக, வரிசை எண்ணிட்டுத் தரும் முறை நிலைபெற்ற பின்னரே 'என்னிடம் எந்த எண் இல்லை' என்னும் ஏக்கம் வாசகரிடம் பிறந்தது. இந்த மரபின் வலிமையும் குறையும் ஒருங்கே அந்த வரிசை எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதழ்கள் வெளிவந்த சிவகாசியிலிருந்து திருவண்ணாமலை வெகு தொலைவில் உள்ளது. இத்தகைய ஊர்களுக்குச் சித்திரக்கதை வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடைதான். அங்கே வாங்கப்பட்ட இதழ் பல கைகள் மாறி, கோடை விடுமுறை முடியும்போது அட்டை கிழிந்து, கடைசியில் பழைய பேப்பர் கடையின் தராசில் ஏறி, மளிகைக் கடையில் பொட்டலமாக முடிந்தது. படித்ததும் எறிந்துவிடத்தக்கது என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒருசேரக் கருதிய ஒரு பொருளை, எடைக்குப் போகவிடாமல் தடுத்து வைத்தது சேகரிப்பாளர் செய்த முதற்பணி; அதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

அப்பொருள் காக்கத்தக்கதுதானா என்ற கேள்விக்கு இரும்புக்கை மாயாவியையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்த இத்தொடரை, அறிவியல் புனைகதை எழுத்தாளரான கென் பல்மர் எழுதத் தொடங்க, ஸ்பெயின் நாட்டு ஓவியர் கெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டேல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக எஃகுக் கை பூண்டவன். உயர் மின்னழுத்தம் உடலில் பாயும்போது அவன் உருவம் மறைந்துவிட, எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். வெற்று அறையொன்றில் கதவின் கைப்பிடியைப் பற்றும் ஒரு கையை மட்டும் வரைந்து, அதன் விரல்களின் வளைவிலேயே சினத்தையும் அச்சத்தையும் காட்டும் பிளாஸ்கோவின் திறம், மனித முகமே இல்லாத கட்டத்திலும் ஒரு மனிதன் இருப்பதை உணர்த்திவிடுகிறது. கதைத் தொடக்கத்தில் கிராண்டேல் நல்லவனும் அல்லன். வலிமை கிடைத்தவுடன் அறம் தடுமாறும் ஒருவனைப் பதின்வயது வாசகர் முன் நிறுத்திய துணிவும் அக்கதைக்கு உண்டு.

பின்வந்த கதைகளில் அவன் 'நிழல் படை' என்னும் உளவு அமைப்பில் சேர்கிறான். எஃகுக் கைக்குள் துப்பாக்கியும் வானொலிக் கருவியும் பொருத்தப்படுகின்றன. அறிவியல் கற்பனையாகத் தொடங்கியது ஒற்றர் கதையாகத் தளர்கிறது. சேகரிப்பு மரபோ முற்பகுதிக் கதைகளையும் பிற்பகுதிக் கதைகளையும் தரத்தால் பிரித்துப் பார்ப்பதில்லை. வரிசையில் விடுபட்ட எண் எதுவோ அதுவே அரிய பொருளாகிறது; அந்த எண்ணுக்குள் இருக்கும் கதை நலிந்ததாயினும் விலை உயர்கிறது, நல்ல ஓவியம் கொண்ட இதழ் எளிதில் கிடைப்பதாலேயே மதிப்பிழக்கிறது. வாசகர் 'மும்மூர்த்திகள்' என்று கொண்டாடும் இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரின் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பல சேகரிப்பாளர்கள் பிளாஸ்கோவின் பெயரை அறிந்திருப்பதில்லை. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்குப் பழக்கமான ஸ்பைடர் என்னும் நாயகனின் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதும், ஓவியர் ரெக் பன் என்பதும் அவ்வாறே பின்தங்கிவிட்டன. நாயகனை அறிந்து படைப்பாளியை அறியாத சேகரிப்பு, பாதி அறிவோடு நின்றுவிட்ட சேகரிப்பே ஆகும்.

நூலகங்கள் இக்குறையை ஈடுசெய்திருக்கலாம். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேரவேண்டிய நூலகங்களுள் சென்னைக் கன்னிமாரா நூலகமும் ஒன்று. ஆயினும் ஊர்தோறும் உள்ள கிளை நூலகங்கள் பெரும்பாலும் சித்திரக்கதையைப் பாதுகாக்கவேண்டிய நூலாகக் கொள்ளவில்லை. தனிமனிதச் சேகரிப்பு பொதுச் சொத்தாக மாறுவது எப்படி என்பதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி இருக்கிறது: கோட்டையூரில் ரோஜா முத்தையா பல்லாண்டு திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டு அச்சுகளும், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. அவர் அரியது, மலிவானது என்று பாராமல் நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்ததே அந்தத் தொகுப்பின் பெருமை. சித்திரக்கதைச் சேகரிப்பாளர் பலரோ பாலித்தீன் உறைக்குள் இதழைப் பூட்டி வைக்கின்றனர்; அவர்களுக்குப் பின் அது எங்கே போகும் என்பதற்கு ஏற்பாடு இருப்பது அரிது.

மறுபதிப்பு வந்துவிட்டால் பழைய இதழ் எதற்கு என்ற வாதமும் எடைபோடத்தக்கது. 2012இல் லயன் காமிக்ஸ் புதுப்பொலிவோடு மீண்டெழுந்த பிறகு, பெரிய அளவும் உயர்தரத் தாளும் வண்ணமும் வழக்கமாயின; பழைய கதைகளும் மறுபதிப்புக் கண்டன. ஓவியத்தைக் கூர்ந்து பார்க்க விரும்புபவருக்குப் புதிய பதிப்பே மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரிட்டிஷ் வார இதழில் தவணை தவணையாக வந்த பக்கங்களைக் கையடக்க அளவுக்குள் ஒடுக்கியதும், ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்த பேச்சுக் குமிழுக்குள் நீண்ட தமிழ்த் தொடர்களை நெருக்கி எழுதியதும் பழைய இதழில்தான் காணக்கிடைக்கின்றன. 'சட்டித்தலையன்' என்று வாசகர் செல்லமாக அழைக்கும் ரோபோ ஆர்ச்சி, சதுரங்கக் கோட்டைக் காய் வடிவிலான கால எந்திரத்தில் ஏறிச் செல்லும் கதையைத் தமிழ்ச் சிறுவர் எந்த வடிவில் படித்தனர் என்பதற்கு அந்த மங்கிய தாளே சான்று. ஆகவே மறுபதிப்பைப் படிப்பதற்கும் மூல இதழைச் சான்றுக்கும் கொள்வது தக்கது. இரண்டையும் ஒரே தேவைக்காக வாங்குவது பணவிரயம்.

இம்மரபுக்கு இணையாக, ஆரவாரமின்றி நடந்த இன்னொரு சேகரிப்பு உண்டு; அதுவே தெரிவு என்னும் கலையில் சிறந்தது. வார இதழ்த் தொடர்கதையின் பக்கங்களை வாரந்தோறும் கத்தரித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ முதுகிட்ட ஒரே புத்தகமாக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா', சர்வாதிகாரம் நிலவும் எதிர்கால இந்தியாவையும் ஜீனோ என்னும் இயந்திர நாயையும் தமிழிலேயே கற்பனை செய்த படைப்பு. அதன் நூற்பதிப்பு எளிதில் கிடைக்கிறது. ஆயினும் பைண்டு செய்யப்பட்ட தொடரில் மட்டுமே அத்தியாயத்தோடு வந்த ஓவியமும், வாரத்துக்கு வாரம் கதையை நிறுத்திய இடமும், பக்கத்தின் மறுபுறத்தில் அக்கால வானொலிப் பெட்டியின் விளம்பரமும் சேர்ந்திருக்கும். கணிப்பொறியே காணாத வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் இயந்திர நாயைப் பற்றிப் படித்தார் என்பதை அந்த மறுபக்கம் தானாகவே கூறிவிடுகிறது. இங்கே தெரிவைச் செய்தது விலையோ எண்ணோ அல்ல; படித்தவரின் விருப்பமும் கத்தரியும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையால் உருவான இத்தொகுதிகளைச் சேகரிப்புச் சந்தை கண்டுகொள்வதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்றைய நிலையில் வேறொரு குறையும் கூடியிருக்கிறது. புதிய சித்திரக்கதைகள் கடைகளைவிடச் சந்தாவையும் புத்தகக் கண்காட்சியையும் மிகுதியாக நம்பி வெளிவருவதால், சிறு பதிப்பகத்தால் நட்டமின்றி நிற்க முடிகிறது; அது தக்க வழிதான். ஆனால் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் அண்ணனின் கையைப் பிடித்து நிற்கும் சிறுமிக்குத் தொங்கும் அட்டைப்படம் தற்செயலாகக் கண்ணில் படும் வாய்ப்பு குறைந்துவிட்டது. முன்பே விரும்பியவர்களுக்குள்ளேயே சுழலும் சேகரிப்பு, அவர்களோடு சேர்ந்து முதுமையடைகிறது.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் ஒரு நாயகனின் எல்லா எண்களையும் துரத்துவதைவிட, ஓர் ஓவியரின் வளர்ச்சியைக் காட்டும் சில இதழ்களையும், ஒரே கதையின் பழைய வடிவம், மறுபதிப்பு இரண்டையும், ஒரு பைண்டிங் தொகுதியையும் தேர்ந்துகொண்டால் குறைந்த செலவில் நிறைந்த அறிவு கிட்டும். செய்தித்தாள் ரகத் தாளில் உள்ள லிக்னின் என்னும் மரக்கூறு ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேற, தாள் நொறுங்கத் தொடங்கும். நடுப்பக்கத்துக் கம்பித் தையல் மழைக்கால ஈரத்தில் துருவேறி, தன்னைச் சுற்றியுள்ள தாளை அரித்து இரண்டு செந்நிற ஓட்டைகளாக்கிவிடும். ராமபாணப் பூச்சி எஞ்சியதைத் தின்னும். துருக்கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்து, அட்டை முதல் பின்னட்டை விளம்பரம் வரை ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, எந்த ஊரில் யார் கையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பதற்கு அதிகச் செலவாகாது. அட்டையின் உட்புறத்தில் முதல் உரிமையாளர் பேனாவால் எழுதிய பெயரைச் சந்தை குறையாகக் கருதி விலையைக் குறைக்கிறது; ஆய்வாளருக்கோ அந்த இதழ் யாரிடம் சென்றடைந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று பல நேரங்களில் அதுவே.