கிராமுக்கா, நாளுக்கா?

ஜெர்மனியில் 20 கிராம் பாதரசம், அரைக் கிலோ குரோமியம், ஒரு கிலோ செம்பு மூன்றுக்கும் ஒரே விலை, ஆற்றில் விடுவதற்கு. 1981 முதல் அங்கே வசூலாகும் கழிவுநீர்க் கட்டணம் ஒவ்வொரு பொருளின் நச்சுக்கும் ஏற்ப எடை வகுத்து, அதை ஒரு 'கேடு அலகு' என்று கொள்கிறது. அலகுக்கு முதலில் 12 மார்க். 2002 முதல் 35.79 யூரோ.

நம்மூரில் 1977-இல் வந்த தண்ணீர்த் தீர்வை, ஆலை எடுத்த தண்ணீரைத்தான் அளந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதுவும் போயிற்று. இப்போது இருப்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இழப்பீட்டுச் சூத்திரம். மாசு மிகுந்த 'சிவப்பு' வகையைச் சேர்ந்த பெரிய ஆலை என்றால் 80 (மாசுக் குறியீடு) × மீறிய நாட்கள் × 250 (ரூபாய்க் காரணி) × 1.5 (ஆலையின் அளவுக்கு). ஊரின் மக்கள்தொகைக்கான காரணியை 1 என்று வைத்தால் நாளுக்கு 30,000 ரூபாய். குரோமியம் வரம்பைச் சற்றே தாண்டியவருக்கும் பத்து மடங்கு தாண்டியவருக்கும் இதே தொகைதான். கணக்கு எளிது, தகராறுக்கு இடம் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பத்து மடங்கை ஐந்தாகக் குறைக்கிறவருக்கு இதில் ஒரு பைசாவும் மிச்சமில்லை. அவர் ஏன் குறைக்க வேண்டும்?

அதற்காக ஜெர்மன் முறையை அப்படியே தூக்கி வந்துவிடவும் முடியாது. அங்கே பில் போடுவது பெரும்பாலும் அனுமதி ஆணையில் எழுதிய அளவுக்கு. சோதனையில் மீறல் தெரிந்தால்தான் தொகை ஏறும். நகராட்சிச் சாக்கடையில் விடும் ஆலை நேரடியாக இந்தக் கட்டணத்தைக் கட்டுவதும் இல்லை. நமக்குப் பெரிய ஓட்டை அதுதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் ஆலைகள் பலவும் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்புகின்றன. அந்த நிலையம் ஒரு சொட்டும் வெளியே விடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தோல் உறிஞ்சாத குரோமியம் அப்போதும் சேற்றில் தங்கிக் குவியும். வெளியேற்றுக் குழாயில் அளந்தால் எல்லாம் சுத்தம் என்றுதான் காட்டும்.

2014 முதல் பெரிய ஆலைகளில் பொருத்தச் சொன்ன இணையவழிக் கருவிகளும் குரோமியத்தை அளக்கப் போதா. பி.எச்., சி.ஓ.டி., மிதக்கும் துகள் பார்க்க அவை சரி. கன உலோகத்துக்கு ஆய்வகமே நம்பகம். மாதிரி எடுப்பதில் மட்டும் ஜெர்மானியரைத் தயங்காமல் பின்பற்றலாம்: இரண்டு மணி நேரத்துக்குள், குறைந்தது இரண்டு நிமிட இடைவெளி விட்டு, ஐந்து முறையாவது மொண்டு ஒன்றாகக் கலக்கிறார்கள். முன்னறிவிப்போடு வந்து ஒரே ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் தீர்ப்பு இது: கன உலோகங்களுக்குக் கிராம் கணக்கே சரி, அதுவும் அனுமதித்த அளவுக்கல்ல, அளந்த அளவுக்கு. வரம்பு மீறினால் நாள் கணக்கு அபராதம் அதற்கு மேல் இருக்கட்டும். பொது நிலையத்தின் வெளியேற்றுக் குழாயருகே நிற்கும் அதிகாரியை வாரியம் முதலில் ஒவ்வொரு ஆலையின் வாசலுக்கும் அனுப்ப வேண்டும்.