இலவசம் வேறு, கட்டற்றது வேறு

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில், மாலை ஐந்தரை மணிக்கு மேல் ரிச்சர்ட்ஸ் பார்க்கை நாலு சுற்று சுற்றிவிட்டு பெஞ்சில் உட்காரும் பெரியவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. அடியேனும் அதில் ஓர் உறுப்பினன். பெட்ரோல் விலையும் முழங்கால் வலியும் தீர்ந்த பிறகு பேச்சு எப்படியும் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்துவிடும். பெங்களூரில் குடியிருக்கிறோம், வீட்டுக்கு ஒருவராவது மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். ஆகவே ஆளுக்கொரு கருத்து இருப்பதில் வியப்பில்லை.

“ஃப்ரீயா குடுக்கறான் சார், போட்டுக்க வேண்டியதுதானே, என்ன கஷ்டம்?” என்பது ஒரு கட்சி. “சும்மா வர்ற சரக்குல என்ன தரம் இருக்கும்? காசு குடுத்து வாங்கினாத்தான் கேக்கறதுக்கு ஒரு ஆள் இருப்பான்” என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சிதான் பெரும்பான்மை: “காசு குடுத்து யார் சார் சாஃப்ட்வேர் வாங்கறா? பையன் என்னமோ ஏத்திக் குடுத்தான், ஓடுது.” மூன்று கட்சியும் அளப்பது ஒரே கோலால், அந்தக் கோலின் பெயர் விலை. பல ஆண்டுகள் நானும் அதே கோலைத்தான் பிடித்திருந்தேன். அது போதாது என்று எனக்குப் புரியவைத்தது நம் சங்கத்தின் 2001ஆம் ஆண்டு மலர்.

அம்மலரில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தண்டுப் பகுதியின் பழைய திண்ணைப் பள்ளிகளைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை எழுதியிருந்தார். அவர் இப்போது இல்லை. இம்மலரில் அதை மறுபடி வெளியிடலாம் என்று முடிவாயிற்று. அச்சுப் பிரதி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, அதிலும் ஒரு பக்கத்தின் கீழ்மூலையைச் செல் அரித்திருந்தது. போகட்டும், அச்சுக் கோத்தவர் கொடுத்த குறுந்தகடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். பேஜ்மேக்கர் கோப்பு. அந்த மென்பொருளையே கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும். தமிழ் ஓரெழுத்துகூட இல்லை. எழுத்துரு எங்கே என்றால், அச்சுக் கோத்த கடையே இப்போது இல்லை. எழுத்துருவைச் செய்தவர் யார் என்று சொல்வாரும் இல்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இம்மலரை வாசிக்கும் பல வீடுகளிலும் இப்படி ஒரு தகடு இருக்கக்கூடும். அந்நாளையத் தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை கணினியை ஏமாற்றும் வித்தை. கணினிக்குத் தெரிந்தது 256 இடங்கள் மட்டுமே. அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும். எழுத்துரு செய்பவர் அந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து உட்காரவைத்துவிடுவார். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்துதான். பாமினி இருக்கும்வரை அது ‘தமிழ்’. இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. நாம் தமிழில் எழுதினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே தவிர, கணினியைப் பொறுத்தவரை நாம் ஒருநாளும் தமிழில் எழுதவில்லை.

பாமினியாவது பழைய தமிழ்த் தட்டச்சு முறையை ஒட்டியது, ஊரறிந்தது. மற்றபடி ஆளுக்கொரு அட்டவணை. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கத்துக்கும் தனித்தனி எழுத்துரு இறக்கிக்கொள்ள வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கூத்தைத் தீர்க்கவே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் தாம், தாப் என்ற இரு குறியாக்கங்களையும் அறிவித்தது. உலகின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்ற இன்னொன்றை உருவாக்கினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. கூடவே டேஸ்16 என்பதையும் ஏற்றது. யூனிகோடு தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லை என்ற மனக்குறை தமிழறிஞர் பலருக்கு உண்டு. குறை நியாயமானதே. ஆனால் ஊரே நடக்கும் சாலை ஒன்று இருக்கையில் எனக்கென்று தனிப்பாதை வெட்டிக்கொண்டால், கடைசியில் அதில் நடப்பவன் நான் ஒருவன்தான்.

நம் கன்னட அன்பர்களும் இதே பாட்டைப் பட்டவர்கள்தாம். கர்நாடகத்து அரசு அலுவலகங்களில் புழங்கிய நுடியின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற அல்லாடுபவர்களை இந்த ஊரில் எங்கும் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நன்றி மறந்தவனாவேன். காசுக்கு விற்றவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்பது என் கட்சியன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளுக்காக உழைத்திராவிட்டால், நம்மில் பலர் திரையில் தமிழைப் பார்க்கவே இன்னும் பல ஆண்டு ஆகியிருக்கும். உழைப்பவர் கூலி கேட்பதில் என்ன தவறு? “பையன் ஏத்திக் குடுத்தான்” கட்சிக்காரர்கள்தாம் வெட்கப்பட வேண்டும். அண்ணாச்சி கடையில் அரிசியை அள்ளிக்கொண்டு வருவோமா? இவர்கள் திருட்டுப் பிரதியை எடுத்து எடுத்து, சிறிய தமிழ் மென்பொருள் நிறுவனங்கள் பிழைக்க முடியாமல் போனதுதான் மிச்சம்.

நான் கேட்பது வேறு கேள்வி. வாங்கிய பொருளோ வாங்காத பொருளோ, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலருக்கும் இதே கேள்விதான் எழுந்தது. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் தந்த அச்சுப்பொறி ஒன்றில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கினால் தகவல் சொல்லும்படி மென்பொருளைத் திருத்தத் தம்மால் முடியும் என்று மூலநிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. அச்சுப்பொறி வந்ததென்னவோ காசில்லாமல்தான்! 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். விரும்பியபடி இயக்க, உள்ளே பார்த்துத் திருத்த, படியெடுத்துப் பிறருக்குத் தர, திருத்தியதையும் தர என்று நான்கு உரிமைகளை அந்த இயக்கம் வகுத்தது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மைக்கும் விடுதலைக்கும் பொதுவானதால், தாம் சொல்வது விலையை அல்ல என்று அவர் வாழ்நாள் முழுக்க விளக்க வேண்டியதாயிற்று.

தமிழில் அந்தக் குழப்பமே வந்திருக்கக்கூடாது. நமக்கு இலவசம் என்றொரு சொல் இருக்கிறது, கட்டற்ற என்று அழகான வேறொரு சொல்லும் இருக்கிறது. ஆனாலும் பூங்கா பெஞ்சில் நாம் பேசுவது ‘ஃப்ரீ’ என்றுதானே! சொல்லைக் கடன் வாங்கினோம், கூடவே குழப்பத்தையும் வாங்கிவிட்டோம்.

தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியபோது ‘இலவச’ என்பதை விட்டு ‘விலையில்லா’ என்று எழுதியது. மாணவரின் தன்மானத்தைக் காக்கும் சொல் என்று பாராட்டலாம். ஆனால் அதுவும் விலையைப் பற்றிய சொல்தான். அவற்றில் விண்டோஸும், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் அக்கம்பக்கமாக இருந்தன. மாணவருக்கு இரண்டுமே விலையில்லாதவை, கட்டற்றது ஒன்றே ஒன்று. இன்னும் சிறிய உதாரணம் வேண்டுமானால் விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவையும், ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட லோஹித் எழுத்துருவையும் பாருங்கள். லதாவுக்கு நாம் தனியாகக் காசு தரவில்லை, ஆனால் அதைத் திருத்தவோ நம் விருப்பம்போல் எடுத்து வழங்கவோ உரிமையில்லை. லோஹித்தைப் படியெடுக்கலாம், ஒரு கொம்பு சரியில்லை என்றால் திருத்தி அடுத்தவருக்கும் தரலாம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்பாரும் உளர். நம் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களைத் திரையிலும் ஒலிபரப்பிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி, 1940களில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. அவர் சட்டப்படி விலை கொடுத்து வாங்கியவர். குறை சொல்ல இடமில்லை. ஆனால் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே. சண்முகம் சகோதரர்களுக்கு நோட்டீஸ் வந்தபோது தமிழ்நாடு துணுக்குற்றது. பாடல் எல்லார் வாயிலும் இருந்தது, சாவி ஒருவர் கையில் இருந்தது. பாரதியை விடுவிக்கக் கிளர்ச்சி எழுந்து, 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் அரசே உரிமையை ஏற்கும் என்று அறிவித்தார். மெய்யப்பரும் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் பாரதி படைப்புகள் மக்களுக்கே பொதுவாயின. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். அன்று கிளர்ச்சி செய்தவர்கள் யாரும் பாட்டுப் புத்தகம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பாடவும் நடிக்கவும் யாரிடமும் அனுமதிக்குக் கைகட்டி நிற்கக்கூடாது என்றுதான் கேட்டார்கள்.

அந்த வழியில் வந்ததுதான் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டெழுதித் தட்டெழுதிச் சங்க நூல்கள் முதல் நாட்டுடைமையான நாவல்கள் வரை இணையத்தில் ஏற்றினார்கள். எழுத்துரு மாறியபோதெல்லாம் பழையவற்றை டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், குறியாக்க அட்டவணை வெளிப்படையாக இருந்தது. நம் 2001 மலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது சென்னைக்காரரைவிடப் பெரிய விஷயம். அங்கே கோப்பு போனால் நூலகத்தில் புத்தகம் இருக்கும். இங்கே நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் படிப்பது கன்னடமோ இந்தியோ. அவர்கள் தமிழ் எழுத்தைப் பார்ப்பதே திரையில்தான். நம் சங்கத்தின் மலர் நூறு, இருநூறு பிரதி அச்சாகிறது. இருபது ஆண்டில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. “எல்லாத்தையும் கூகுள் பார்த்துக்கும்” என்பார் ஒருவர். 2009இல் யாஹு ஜியோசிட்டீஸை மூடியபோதும், 2014இல் அந்தக் கூகுளே ஆர்க்குட்டை மூடியபோதும், சும்மா கிடைத்த இடத்தில் குடியிருந்தவர்கள் மூட்டை கட்ட நேர்ந்ததை அவர் மறந்துவிட்டார்.

கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. அவர்கள் தமிழாக்கிய பட்டியல்களைப் படித்தால் எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கே விளங்குவதில்லை. வெறும் தமிழ்ச் சொல்லைப் போட்டால் போதாது, பாட்டிக்குப் புரிய வேண்டாமா? சந்தேகம் கேட்டால் “கையேட்டைப் படியுங்கள்” என்பார்கள். இந்தக் கட்டுரையையே நான் கைப்பேசியில், கட்டுள்ள ஒரு விசைப்பலகையில்தான் தட்டியிருக்கிறேன். என் பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க் நண்பர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

இனி நம் திண்ணைப் பள்ளிக் கட்டுரைக்கு வருவோம். முதலில், புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் எல்லாருக்கும் பொதுவாகச் செய்து வைத்த ‘பொங்குதமிழ்’ மாற்றியில் போட்டுப் பார்த்தோம். அவர் அறிந்த எந்த எழுத்துருவோடும் நம்முடையது பொருந்தவில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பெண் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் தமிழ், எழுதப் படிக்கக் கன்னடம். தமிழ் எழுத்துகளைச் சென்ற கோடையில்தான் கற்றாள். “குடுங்க அங்கிள், இது பூட்டு மாதிரி இல்ல, சும்மா இடம் மாத்தி வெச்சிருக்காங்க” என்று கோப்பையும் அச்சுப் பிரதியையும் வாங்கிப்போனாள். செல் அரிக்காத பக்கங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். அடைப்புக்குறி வந்தால் இன்ன எழுத்து, கேள்விக்குறி வந்தால் இன்னது என்று ஓர் அட்டவணை வளர்ந்தது. கொம்பும் இரட்டைக் கொம்பும் கோப்பில் எழுத்துக்கு முன்னால் நின்றன, யூனிகோடில் அவை பின்னால் வர வேண்டும். அதற்கும் சிறு நிரல் எழுதினாள். ஒன்பது நாளில் கட்டுரை முழுக்கத் தமிழானது. செல் அரித்த மூலையின் ஆறு வரியும் கிடைத்துவிட்டன. அட்டவணையையும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறாள்.

ஒரே ஒரு குறி மட்டும் பாக்கி. அது அச்சில் மிஞ்சிய பக்கங்கள் எதிலும் வரவில்லை; அரித்துப்போன ஆறு வரிக்குள், ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரின் பெயரில் ஒரே ஒரு முறை வருகிறது. ‘ஸ்ரீ’யா, ‘க்ஷ’வா என்று எங்களால் துணிய முடியவில்லை. இம்மலரில் அந்த இடத்தில் சின்னச் சதுரம் போட்டிருக்கிறோம். 2001 மலரின் நல்ல பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், அந்தக் கட்டுரையின் மூன்றாம் பக்கத்துக் கீழ்மூலையைப் பார்த்துச் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.