நாமா, நாங்களா? காஸாவின் தனிமொழிகளை யார் பேசுவது

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எதையாவது மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். மூலத்தில் ‘வீ’ என்று இருக்கும். சின்னச் சொல்தான். ஆனால் அதைத் தமிழில் எழுதப்போனால் கை நின்றுவிடும். நாமா, நாங்களா? பேசுகிறவர் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறாரா, இல்லை அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறாரா? ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. அரபியிலும் ‘நஹ்னு’ என்று ஒரே சொல்தான். தமிழில் மட்டும் இதை முடிவு செய்யாமல் அடுத்த வார்த்தைக்குப் போக முடியாது.

கொஞ்ச காலத்துக்கு முன்னால், நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடும் ஒரு வாசிப்புக்காக, ‘காஸா தனிமொழிகள்’ தொகுப்பிலிருந்து இரண்டு மூன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழில் சொல்லிப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். ‘நாம்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘நாங்கள்’ என்று எழுதினேன். மறுபடியும் அடித்தேன். இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நாடுகளுக்கு இடையே இளைஞர்கள் எழுத்தையும் நாடகத்தையும் பரிமாறிக்கொள்வது என்ற அழகான ஏற்பாட்டின் மொத்தச் சிக்கலும் அந்த அடித்தலில் இருக்கிறது.

முதலில் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை காஸா மீது இஸ்ரேல் நடத்திய போரில் ஏறத்தாழ 1,400 பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் 300-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அந்தப் போருக்குப் பிறகு அஷ்தார் நாடகக் குழு காஸாவின் பதின்ம வயதினர் முப்பது பேருக்கு மேல் திரட்டி எழுதவைத்தது. இமான் அவூனும் எட்வர்ட் முஅல்லமும் 1991-இல் ஜெரூசலேமில் தொடங்கிய குழு இது. இப்போது ரமல்லாவில் இயங்குகிறது. இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சி தருவது ஆரம்பத்திலிருந்தே அதன் முக்கிய வேலை. அந்தப் பட்டறைகளில் ஆளுக்கொன்றாக எழுதப்பட்டவைதான் இந்தத் தனிமொழிகள். 2010 அக்டோபர் 17 அன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இளைஞர் குழுக்கள் அவரவர் மொழியில் இவற்றை மேடையேற்றின. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் ஐநா தலைமையகத்தில் பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து இவற்றை நடித்தார்கள்.

கவனித்தீர்களா? எழுதியது ஒரு பக்கம், நடித்தது இன்னொரு பக்கம். 2007 முதல் காஸா முற்றுகையில் இருக்கிறது. ரமல்லாவுக்கும் காஸாவுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட கிடையாது. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து இங்கே வர முடியாது. ஆளால் போக முடியாததால் எழுத்து போனது. சாதாரணமாக இளைஞர் கலைப் பரிமாற்றம் என்றால் பாஸ்போர்ட், விசா, விமான நிலையத்தில் குழுப் படம் என்றுதான் ஆரம்பிக்கும். இந்தத் திட்டத்துக்கு அந்த முதல் படியே இல்லை.

அப்படிப்பட்ட வழக்கமான பரிமாற்றங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு நாட்டுப் பிள்ளைகளை ஒரு வாரம் ஓரிடத்தில் வைத்திருப்பார்கள். முதல் நாள் பெயர் சொல்லும் விளையாட்டு, இரண்டாம் நாள் உங்க ஊர் சாப்பாடு, மூன்றாம் நாள் உங்க ஊர் நடனம். கடைசி நாள் ஒரு நாடகம். அந்த நாடகத்தின் முடிவு பெரும்பாலும் முதல் நாளே தெரிந்திருக்கும்: நாம் எல்லோரும் ஒன்று. நம்ம ஊரில் நடந்தால் கணியன் பூங்குன்றன் கட்டாயம் மேடைக்கு வந்துவிடுவார். பாவம், அவர் என்ன செய்வார்! பிள்ளைகளுக்கு இடையே பிறக்கும் நட்பு உண்மையானதுதான். அதை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த மேடை ‘நாம்’ என்ற சொல்லுக்கு ரொம்பச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வழியில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. யாருக்கு விசா சுலபமாகக் கிடைத்தது? யார் மொழியில் நாடகம் நடந்தது? யார் தன் கதையைச் சொன்னார், யார் கேட்டுக் கண் கலங்கினார்?

காஸா தனிமொழிகள் இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க முடியாத இடத்தில் பிறந்தவை. அதன் அருமை தெரிய வேண்டுமென்றால், அதற்குக் கொஞ்சம் முந்தைய இரண்டு நாடகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2005-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ‘மை நேம் இஸ் ரேச்சல் கோரி’ மேடையேறியது. ரேச்சல் கோரி அமெரிக்க இளம்பெண். 2003 மார்ச்சில் ராஃபாவில் வீடுகள் இடிக்கப்படுவதைத் தடுக்க நின்றபோது இஸ்ரேல் ராணுவத்தின் புல்டோசர் ஏறி இறந்தார். வயது 23. அவருடைய நாட்குறிப்புகளையும் மின்னஞ்சல்களையும் நடிகர் ஆலன் ரிக்மனும் பத்திரிகையாளர் காதரின் வைனரும் நாடகமாகத் தொகுத்தார்கள். 2006-இல் நியூயார்க்கில் அதை மேடையேற்ற இருந்த ஓர் அரங்கு தள்ளிப்போட, பெரிய சர்ச்சையானது. ரேச்சலின் தைரியத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ராஃபாவின் வீடுகளைப் பற்றி லண்டன் பார்வையாளர் கேட்க, ஓர் அமெரிக்கக் குரல் தேவைப்பட்டது. அந்த வீடுகளுக்குள் வளர்ந்தவர்களின் குரல் அந்த மேடைக்கு நேராக வந்து சேரவில்லை.

அடுத்தது 2009. போர் முடிந்த சில வாரங்களுக்குள் அதே ராயல் கோர்ட்டில் காரில் சர்ச்சிலின் ‘செவன் ஜூயிஷ் சில்ட்ரன்’. பத்து நிமிட நாடகம். பெரியவர்கள், ஒரு சிறுமியிடம் எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். அந்தச் சிறுமி மேடைக்கு வருவதே இல்லை. பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவிக்கு நிதி திரட்டினால் யார் வேண்டுமானாலும் உரிமத் தொகை இல்லாமல் நடிக்கலாம் என்றார் சர்ச்சில். கூர்மையான எழுத்து. அதில் எந்தக் குழந்தையும் பேசாது. அதுதான் அந்த நாடகத்தின் உத்தியும்கூட.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 2010-இல் நடந்தது என்னவென்று புரியும். முதல் நாடகத்தில் காஸாவுக்காக வெளியூர்ப் பெண் பேசினார். இரண்டாவதில் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பேசினார்கள். இப்போது காஸாவின் பிள்ளைகளே எழுதினார்கள்; உலகத்துப் பிள்ளைகள் அவர்களுக்கு வாயைக் கடன் கொடுத்தார்கள். யார் யாருக்காகப் பேசுவது என்ற ஏற்பாடே தலைகீழாகிவிட்டது.

அந்தக் கடனுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஒவ்வொரு தனிமொழியின் தலையிலும் மூன்று தகவல்கள்: எழுதியவரின் பெயர், பிறந்த ஆண்டு, இருக்கும் தெரு அல்லது பகுதி. அவ்வளவுதான். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் லிஸ்பனிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் ஒரு பதினாறு வயசுப் பையன் அந்த மூன்றையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ‘நான்’ என்று ஆரம்பிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘நான்’ அவனுடையது இல்லை என்பது அவனுக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அவன் நடிக்கலாம், அழலாம். ஆனால் அந்தத் தெருவில் அவன் குடியிருக்க முடியாது. தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கலைத் தீர்மானம் இதுதான். ‘நாம்’ என்று அவசரமாகக் கட்டிப்பிடிக்க வருகிறவரை அந்த ஒரு வரி கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது.

சரி, இவ்வளவு புகழ்ந்தாச்சு. இனி எனக்கு உறுத்தியதையும் சொல்ல வேண்டும்.

அஷ்தார் குழு பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ மரபில் வேலை செய்கிறது. போவாலின் மன்ற அரங்கில் பார்வையாளர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஓர் அநீதி மேடையில் நடக்கும்போது ‘நிறுத்து’ என்று சொல்லி மேடை ஏறலாம். பாத்திரத்தின் இடத்தில் நின்று, வேறு மாதிரி நடந்துகொண்டால் என்ன ஆகும் என்று செய்து பார்க்கலாம். அந்தப் பயிற்சியில் ஊறிய குழு இந்தத் திட்டத்துக்குத் தேர்ந்த வடிவமோ தனிமொழி. இதில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்ல முடியாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், விளக்கு அணையும். முற்றுகைக்குள் இருக்கும் பிள்ளைகளின் வார்த்தை வெளியே போக வேறு எந்த வடிவம் உதவியிருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரு காகிதத்தில் ஏறிப் பயணம் செய்ய தனிமொழியைவிட இலகுவான வடிவம் கிடையாது. ஆனால் பார்வையாளரை ஒன்றும் செய்ய விடாமல் நல்லவராக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வசதியும் அந்த இலகுவில் இருக்கிறது.

இன்னொரு உறுத்தல், கேள்வியைப் பற்றியது. இந்தப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது சுற்றிவளைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான்: போர் உன்னை என்ன செய்தது? தொகுப்பில் பள்ளிக்கூடம் வருகிறது, கடல் வருகிறது, ரொட்டிக்கு நிற்கும் வரிசை வருகிறது, நடிகராக ஆசைப்படும் மனசு வருகிறது. எல்லாமே அந்தக் கேள்வி வழியாகத்தான் வருகின்றன. ஐரோப்பாவில் ஒரு பதினைந்து வயசுப் பெண்ணை எழுத்துப் பட்டறையில் உட்காரவைத்தால், எதை வேண்டுமானாலும் எழுது என்பார்கள். அவள் பூனையைப் பற்றி எழுதலாம். யாரும் ஏமாற மாட்டார்கள். காஸாப் பெண் பூனையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அது முப்பது நாட்டு மேடைகளுக்குப் போயிருக்குமா? இதில் அஷ்தாரைவிடக் கேட்கும் நம் காதுக்குத்தான் பங்கு அதிகம். காயம் இல்லாத காஸாவைக் கேட்க நாம் தயாராக இல்லை. இங்கே ‘நாம்’ என்றுதான் எழுத வேண்டும். இந்தக் குற்றத்திலிருந்து உங்களையும் என்னையும் வெளியே விட முடியாது.

நிஜமாகவே இரண்டு பக்கமும் சேர்ந்து வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மேற்குக் கரையில் ஜெனின் அகதி முகாமில் உருவான ஃப்ரீடம் தியேட்டரும் டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச்சும் கூட்டாக ‘ஹமேஷா சமீதா’ என்ற வீதி நாடகத்தை உருவாக்கி, 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் இந்திய நகரங்களில் ஆடினார்கள். தலைப்பில் பாதி இந்தி, பாதி அரபு. ‘எப்போதும் உறுதியாய் நிற்பவள்’ என்று பொருள். பாலஸ்தீன நடிகர்களும் இந்திய நடிகர்களும் ஒரே வட்டத்துக்குள் நின்று ஆடும்போது ‘நாம்’ என்பது பேச்சுக்குச் சொல்வதாக இருக்காது. ஒத்திகையில் சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டுச் சம்பாதித்த சொல்லாக இருக்கும். அதற்கு ஆள் வந்தாக வேண்டும். காஸாவிலிருந்து ஆள் வர முடியாது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

2014 போருக்குப் பிறகும் அந்தத் தொகுப்பில் புதிய தனிமொழிகள் சேர்ந்தன. பிறகு 2023. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று இவற்றை மீண்டும் உலகெங்கும் வாசிக்கச் சொல்லி அஷ்தார் அழைப்பு விடுத்தது. ஐநா 1978 முதல் பாலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாளாகக் கடைப்பிடிக்கும் தேதி அது. 1947-இல் பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறிய தேதியும் அதுதான். பல நாடுகளில் வாசித்தார்கள். 2010-இல் எழுதப்பட்ட வரிகள் 2023-இல் புதிதாக எழுதியவை போலவே ஒலித்தன.

ஓர் இலக்கியப் பிரதி பதிமூன்று வருஷம் கழித்தும் பழசாகாமல் இருந்தால் அதைப் பாராட்டுவது விமர்சகர்களின் பழக்கம். காலத்தை வென்ற எழுத்து என்போம். இந்த இடத்தில் அந்தப் பாராட்டைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. இந்த எழுத்து பழசாகியிருக்க வேண்டும். ‘அப்போதெல்லாம் இப்படி இருந்திருக்கிறது’ என்று இன்றைய பிள்ளைகள் ஆச்சரியமாகப் படிக்கும் ஆவணமாக மாறியிருக்க வேண்டும். எழுதியவர்கள் இப்போது முப்பது வயதை ஒட்டியவர்கள். அவர்களுக்கே தங்கள் பழைய எழுத்து கொஞ்சம் வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்திருக்க வேண்டும், நமக்கெல்லாம் நம் பதினாறு வயசுக் கவிதைகள் இருப்பது போல.

ஐநாவின் செயற்கைக்கோள் மதிப்பீடுகளின்படி 2024-க்குள்ளேயே காஸாவின் கட்டடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சேதமடைந்தோ அழிந்தோ விட்டன. தனிமொழிகளின் தலையில் இருக்கும் அந்தத் தெருப் பெயர்களை இப்போது படிக்கும்போது அவை முகவரியாகத் தெரியவில்லை. இங்கே ஒரு தெரு இருந்தது என்பதற்குச் சாட்சியாகத் தெரிகின்றன.

எங்கள் சின்ன வாசிப்பில் கடைசியில் ‘நாங்கள்’ என்றே வைத்தேன். வாசித்த தோழி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள்தான் சொன்னாள்: “இதை வாசிக்கும்போது என்னை யாரோ வெளியே நிக்க வச்ச மாதிரியே இருந்துச்சு.” ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள். அதுவரைக்கும் அந்தப் பெயரையும் ஆண்டையும் தெருவையும் தப்பில்லாமல் உச்சரிக்கப் பழகலாம். பெயர்களின் உச்சரிப்பு எங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை.