உதிர்ந்த ஜல்லியும் இரண்டு சக்கரமும்

ஜவ்வாது மலைக்கு நீங்கள் போனதுண்டா? போளூரிலிருந்து ஏறலாம், வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறலாம், வாணியம்பாடிப் பக்கத்தார் ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறுவார்கள். எப்படி ஏறினாலும் ஜமுனாமரத்தூர் போய்ச் சேரலாம். வழியில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகும் மாணவர்கள் வானத்தைப் பற்றியே கேள்வி கேட்பார்கள். நான் இங்கே எழுத வந்தது தரையைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன், இம்மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வேகம் அதிகமில்லை. பழைய தார்ப்பரப்பின் மேல் புதிதாகத் தாரும் ஜல்லியும் இட்டிருந்தார்கள். ஒட்டாத ஜல்லி வளைவு முழுவதும் கொட்டிய கேழ்வரகு போலக் கிடந்தது. முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. எழுந்து நின்றபோது அங்கிருந்த ஒருவர், "மெதுவாக வந்திருக்கலாமே, சார்" என்றார். பிறகு விசாரித்தபோது சாலைப் பணியோடு தொடர்புடைய இன்னொருவரும் இதையேதான் சொன்னார். இந்தப் பதில் பௌதிகத்தின்படி எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சிறிய சோதனை. பலகை ஒன்றின் மேல் அழிரப்பரை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். நன்றாகச் சாய்த்த பிறகே ரப்பர் நழுவும். 35 பாகையில் நழுவினால், அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பாகிய 0.7 என்பதே அவ்விரு பரப்புகளுக்கிடையே உள்ள உராய்வுக் கெழு. இப்போது ரப்பருக்கு அடியில் கொஞ்சம் கடுகைத் தூவி மறுபடியும் செய்யுங்கள். சில பாகைகளிலேயே ரப்பர் ஓடிவிடும். ரப்பரும் பலகையும் மாறவில்லை. இடையில் உருளும் பொருள் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆழமாகக் கொட்டிய ஜல்லிக் குவியலில் சக்கரம் புதையும். ஆனால் கெட்டியான தார்மேல் ஓரடுக்காகக் கிடக்கும் ஜல்லி, கடுகைப் போலவே, டயருக்கு அடியில் உருளை வேலை செய்கிறது. ஆகவேதான் 'கொஞ்சம்தானே கிடக்கிறது' என்ற சமாதானம் எடுபடாது.

இனி வளைவைக் கணக்கிடுவோம். இந்திய சாலைப் பேராயத்தின் மலைச்சாலை விதிகள், கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்கவேண்டும் என்கின்றன. வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். வெளிப்பக்கத்தைப் பத்துக்கு ஒன்று வரை உயர்த்திச் சாய்வு கொடுக்கலாம். இந்த வேகத்தில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.22 பங்கு. அதில் 0.1 பங்கைச் சாலையின் சாய்வே ஏற்றுக்கொள்கிறது. டயர் தரவேண்டியது 0.12 மட்டுமே. ஜல்லி கிடந்தாலும் இதைச் சமாளித்துவிடலாம். வேகம் 30 ஆனால் என்ன ஆகும்? முடுக்கம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே தேவை 0.5 பங்காகிவிடும். சாலையின் சாய்வு கொடுப்பது அதே 0.1தான். மீதி 0.4-ஐ டயர் தரவேண்டும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது டயரின் பொறுப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது!

'அப்படியானால் மெதுவாக வா என்றவர் சொன்னது சரிதானே?' என்று கேட்பீர்கள். சரிதான், ஜல்லி கிடப்பது முன்பே தெரிந்தால். நூற்றுக்கு 6 என்ற சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறீர்கள். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்றால், பிரேக் பிடித்த பின் ஐந்தரை மீட்டரில் நின்றுவிடலாம். உதிர்ந்த ஜல்லியில் அது 0.3 என்று கொள்வோம். நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் வேண்டும். கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆனால் அதற்குள் இன்னும் எட்டு மீட்டர். மொத்தம் 23 மீட்டர். உட்புறம் பாறை மறைக்கும் வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும், பிரேக்குக்குச் செலவான உராய்வு திரும்புவதற்குக் கிடைக்காது. இரண்டுக்கும் ஒரே பணப்பைதான். 2019-க்குப் பின் விற்கப்படும் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். நல்ல சாதனம்தான்; ஆனால் இல்லாத உராய்வை அது உண்டாக்கித் தராது.

காருக்கும் இதே ஜல்லிதானே? ஆம். கார் ஒரு முழம் விலகிச் சறுக்கி, மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்கர ஊர்தியின் கதை வேறு. உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு சாயும் பக்கம் கையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். இருசக்கர ஊர்தியில் அந்தக் கையின் வேலையை முன்சக்கரம் செய்கிறது. பக்கவாட்டு உராய்வு இருந்தால்தான் செய்யமுடியும். அது போனபின் விழுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். இவர்களில் ஜல்லியால் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த எண் சொல்லாது. ஆனால் சாலையை யாருடைய கண்ணால் பார்க்கவேண்டும் என்பதை அது சொல்கிறது. ஜீப்பில் அமர்ந்து பார்வையிடுபவருக்கு உதிர்ந்த ஜல்லி ஒரு சத்தம் மட்டுமே.

ஜல்லியே வேண்டாம், கனமான தார்க்கலவை போடுங்கள் என்பது மோட்டார் சைக்கிள்காரர்களின் கட்சி. இதையும் நான் ஏற்கவில்லை. சூடான தாரைத் தெளித்து, அதன்மேல் அரை ஜல்லியோ அதனினும் சிறியதோ பரப்பி, ரோடு ரோலரால் அழுத்தும் முறை தரமான முறை. மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், செலவு குறைவு, கல் பதிந்தபின் சொரசொரப்பும் கூடும். ஜல்லி போதாமல் தார் மேலே கசிந்து பளபளக்கும் சாலைதான் மழையில் இதைவிட மோசம். நியூசிலாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி இப்படிப் போடப்பட்டவையே.

பழைய கப்பிச்சாலையின் கதையும் இங்கே பொருந்தும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உடைத்த சிறு கற்களைக் கொண்டு சாலை அமைத்தார். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் கற்களை நெருக்கி, நொறுக்கி, அந்தத் தூளாலேயே சாலையைக் கெட்டிப்படுத்தின. காற்றடைத்த ரப்பர் டயர் வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. வேகமாக உருளும் டயர் கற்களுக்கிடையே இருந்த தூளை உறிஞ்சி வெளியே எறிந்தது, கற்கள் கழன்றன. தார் பூசவேண்டிய அவசியம் அப்படித்தான் வந்தது. இன்றும் கப்பி பரப்பி, நீர் தெளித்து உருட்டிய பின், தார் போடாமல் மாதக்கணக்கில் விட்டுவைக்கும் சாலைகளில் இந்தப் பழைய பாடம்தான் திரும்ப நடக்கிறது.

ஆகவே என் குறை ஜல்லியின் மேல் அல்ல, பெருக்காமல் விடுவதன் மேல். கொஞ்சம் கூடுதலாகவே ஜல்லி பரப்புவார்கள். அது வேலைக்குத் தேவை. ஒட்டியது போக மிஞ்சியதைப் பெருக்கி அகற்றினால்தான் வேலை முடிந்ததாகும். பிரிட்டனில் அதுவரை மணிக்கு 20 மைலுக்கு மேல் வேண்டாம் என்றும், உதிர் கற்கள் உள்ளன என்றும் பலகை வைக்கிறார்கள். நம் மலையில் பெருக்கும் வேலையை லாரிகளும் பஸ்களும் செய்கின்றன. அவை தம் தடத்தைச் சுத்தமாக்கி, ஜல்லியை நடுவிலும் ஓரத்திலும் வரப்பு கட்டிவிடுகின்றன. வளைவில் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே நகர்ந்து செல்வதால், உள்ளோரத்துக் கல்லும் சாலைக்கு ஏறுகிறது. எதிரே பஸ் வந்தால் இருசக்கரக்காரர் ஒதுங்குவது எங்கே? அந்த வரப்பின் மேல்தான்.

இயற்கைக் காட்சி பார்க்கச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெரிய மோட்டார் சைக்கிள்களில் வருவோர் வருடத்தில் ஒருநாள் வருகிறார்கள். குரல் கொடுக்கவும் தெரிந்தவர்கள். பின்னால் சாமை மூட்டையைக் கட்டிக்கொண்டு மொப்பெட்டில் இறங்கும் மலைவாசிக்கும், அடிவாரத்திலிருந்து தினமும் ஏறிவரும் பள்ளி ஆசிரியைக்கும் இந்த வளைவுகள் ஒவ்வொரு நாளும் உண்டு. மூட்டையின் பாரம் பின்னால் விழுவதால் முன்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. எடை குறைந்தால் அச்சக்கரத்தின் உராய்வும் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தமுறை ஏறும்போது, ஒரு வளைவில் இறங்கி நின்று ஜல்லி எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். நடுவிலா, உள்ளோரத்திலா, எவ்வளவு அகலம்? அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வதையும் குறித்துக்கொண்டு, சாலைப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மதிப்பீட்டில் பெருக்குவதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும்.