ஹெரால்டுக்கு எந்த இன்ஜின்?

பழைய கார் விலை பேச வருகிறவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அதுவே ஒரு காட்சி. மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னால் சாயும். இன்ஜினும் முன்சக்கரங்களும் வெட்டவெளிச்சமாகத் தெரியும். பழைய 948 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் டீசல் ஒன்று உட்கார்ந்திருந்தால் விலை அப்போதே விழுந்துவிடும். வேறு இன்ஜின் என்றாலே விலை விழத்தான் வேண்டுமா?

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். அதன் அடித்தளத்தில் உருவாகி 1962இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயர். அதே குடும்பத்து இன்ஜின் அதில் 1147 சி.சி.யாகப் பெருத்தது, பிறகு 1296, 1493 என வளர்ந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கே 1147 கிடைத்தது. ஆகவே நம் ஹெரால்டில் அந்த இன்ஜினை ஏற்றுகிறவர் தயாரிப்பாளரே போட்ட பாதையில்தான் போகிறார்.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பரம்பரையே கலப்புப் பரம்பரை. 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2வின் இன்ஜின், வான்கார்ட் குடும்பக் காரிலிருந்து வந்தது. ஃபெர்குசன் டிராக்டர் இன்ஜினுக்கு நெருங்கிய உறவு. எம்.ஜி.பி.யில் ரோவரின் அலுமினிய வி8ஐ முதலில் பொருத்திக் காட்டியவர் கென் காஸ்டெல்லோ என்ற தனிமனிதர். கம்பெனி 1973இல்தான் அந்த வழிக்கு வந்தது. அந்த வி8, பழைய நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜினின் எடையை ஒட்டியே இருந்ததால் காரின் நடை கெடவில்லை. 1967இல் கனமான ஆறு சிலிண்டரைத் திணித்து வந்த எம்.ஜி.சி.யோ மூக்குப் பாரத்தால் பெயர் கெட்டு, இரண்டே ஆண்டில் நின்றது. குதிரைத்திறனுக்கு முன்னால் எடையைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தலைகீழான பிழையும் உண்டு. அது நடந்தது வண்டலூரிலேயே. ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்றது. அதன் பெயரை உயர்த்தியது 3.5 லிட்டர் வி8. அதே உடலை 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று கொண்டுவந்தபோது உள்ளே வைத்தது வான்கார்ட் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின். டி.ஆர்.2 போன்ற இலகுவான காரில் துள்ளிய அந்த இன்ஜின், பெரிய காரை இழுக்கத் திணறியது. பார்த்தால் பணக்காரக் கார், மிதித்தால் பிக்கப் இல்லை. ஆடம்பரக் காருக்குரிய விலையைக் கொடுத்தவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. தொழிற்சாலை பொருத்தியது என்பதாலேயே ஓர் இன்ஜின் சரியானதாகிவிடாது.

டீசல் மாற்றத்துக்கு ஒரு நியாயம் உண்டு. உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்கும், செலவு குறையும், வண்டி காயலான் கடைக்குப் போகாமல் தப்பும். ஆனால் மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைத்த சேஸிஸைப் பழையபடி ஆக்குவது பெரும்பாடு. டீசலின் அதிர்வையும் கனத்தையும் ஹெரால்டின் மெல்லிய உடல் தாங்காது.

மரக்காணம் உப்பளக் கரையில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. அருகிலுள்ள பிரம்மதேசம் ஊரில் ஷெட்டில் நிற்கும் காரையும் உப்புக்காற்று விடாது. வார்ப்பிரும்பு இன்ஜின் தாக்குப்பிடிக்கும். பாடியைத் தாங்கச் சேஸிஸின் இருபுறமும் நீளும் தகட்டுக் கைகள் உள்ளேயிருந்து துருவேறி உதிரும். இங்கே இன்ஜினுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு சேஸிஸுக்குப் போக வேண்டும்.

2021இல் வந்த மத்திய அரசு விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற தனிப் பதிவெண் வரிசையைத் தந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. வெட்டி ஒட்டிய வண்டிகளைத் தடுக்க இது நல்ல வேலி. குறை என்னவென்றால், அதே குடும்பத்து 1147க்கும் வேற்று டீசலுக்கும் இந்த விதியில் வேறுபாடு இல்லை. எந்த வெட்டும் இல்லாமல் போல்ட்டைக் கழற்றிப் பொருத்திய, அந்தக் காலத்துக்குரிய இன்ஜினை விதி தனியாக ஏற்க வேண்டும். அதுவரை 948ஐக் கழற்றுகிறவர் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் பூசி ஷெட்டிலேயே வைத்திருப்பது நல்லது; அடுத்து வாங்குகிறவர் அதற்கும் சேர்த்தே விலை தருவார்.