முதல் கார்: கிளட்ச் யார் காலில்?

ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) காரில் கிளட்ச் பெடல்தான் இல்லை. கிளட்ச் இருக்கிறது. மேனுவல் காரில் உள்ள அதே வகைக் கிளட்ச் பிளேட், அதே ஐந்து கியர். ஓட்டுநரின் இடது காலும் இடது கையும் செய்துவந்த வேலையை ஒரு கணினியும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரும் எடுத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். முதல் கார் வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், ‘மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா’ என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி அடங்கிவிடும்.

“கியர் போட்டு ஓட்டினால்தான் அது டிரைவிங்” என்பார் அப்பாவோ மாமாவோ. “இந்த டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்து முட்டி போய்விடும்ப்பா” என்பாள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு நியாயம் என்று பார்க்க, ஒரே காரின் இரண்டு வடிவங்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். இன்ஜின், எடை, டயர் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் கியர்பெட்டியின் குணம் தனியாகத் தெரியும். அதற்காக நான் எடுத்துக்கொண்டது மாருதி சுசூகி ஸ்விஃப்ட். முதல் கார் என்றதும் நம் ஊரில் பலர் வாயில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று.

2005இல் இந்தியாவில் அறிமுகமான ஸ்விஃப்ட்டின் நான்காம் தலைமுறை 2024 மே மாதம் வந்தது. 1,197 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்; உச்ச இழுவிசை 112 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,300 ஆர்பிஎம்மில். நீளம் 3,860 மி.மீ., திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். புதிதாக ஓட்டுகிறவருக்குத் தெருமுனையில் யூ டர்ன் அடிக்க இந்த அளவு மிகவும் தோதானது. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்குவதைத் தடுக்கும் ஈஎஸ்பி, மேட்டில் வண்டியைச் சில நொடி பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் ஆகியவை அடிப்படை வேரியன்ட் முதற்கொண்டு எல்லாவற்றிலும் உண்டு. ஏஎம்டி வேண்டுமென்றால் அடிப்படையான எல்எக்ஸ்ஐயில் கிடையாது. அடுத்த விஎக்ஸ்ஐயில் இருந்துதான் தொடங்குகிறது. ஒரே வேரியன்ட்டில் மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் விலை வித்தியாசம் சுமார் 45,000 முதல் 50,000 ரூபாய். 2014இல் மாருதி செலேரியோவோடு ஏஎம்டி நம் சந்தைக்கு வந்தபோதே, குறைந்த கூடுதல் விலையில் ஆட்டோமேட்டிக் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. இன்றும் அதுதான்.

முதலில் ஊருக்குள். மாலை நேரத்தில் கிண்டியிலிருந்து தாம்பரம் போகும் ஜிஎஸ்டி சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை என்று நின்று நின்று நகரும் கூட்டம். மேனுவல் ஸ்விஃப்ட்டின் கிளட்ச் லேசானது. பழைய டீசல் கார்களைப் போல காலை வதைப்பதில்லை. ஆனாலும் முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பிரேக், நியூட்ரல், மறுபடி முதல் கியர் என்று போகும்போது புதியவரின் கவனம் முழுக்கக் காலுக்குப் போய்விடுகிறது. இடப்பக்கம் நுழையும் பைக்கும், பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே இறங்கும் ஆளும் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். நடுவில் வண்டி ஆஃப் ஆனால் பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தத்தில் இன்னும் பதற்றம்.

ஏஎம்டியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். கண் சாலையில் இருக்கிறது, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது. ஏஎம்டியை ‘சோம்பேறிகளின் வசதி’ என்று சொல்பவர்களோடு நான் இந்த இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். ஓட்டத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒருவரிடம் மிகக் குறைவாக இருப்பது கவனம். அதை மிச்சப்படுத்தித் தருவது வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் உண்டு. வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஒரு கணம் இழுவை அறுந்து, தலை லேசாக முன்னால் ஆடி, மறுபடி இழுக்கும். எல்லா ஏஎம்டிக்கும் பொதுவான குணம் இது. கிளட்ச் பிரிந்து சேரும் நேரம்தான் அப்படித் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை அரைவாசிக்கு மேல் அழுத்தாமல், கியர் மாறும் தறுவாயில் காலைச் சற்றுத் தளர்த்தினால் ஆட்டம் பெருமளவு குறைந்துவிடும். மேனுவல் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே வரும், ஏனென்றால் கியர் மாற்றும்போது காலைத் தளர்த்தும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு.

இனி மேடு. தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து மேலே ஏறும்போது முன்னால் வண்டிகள் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மேனுவலில் புதியவர் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். ஹில் ஹோல்ட் அந்தப் பயத்தைப் பாதியாக்கிவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்; அதற்குள் ஹாஃப் கிளட்ச்சில் இழுவை பிடித்துக் கிளம்பிவிடலாம். மேனுவலே வேண்டாம் என்று சொல்ல ‘மேட்டில் பின்னால் போகும்’ என்பதுதான் உங்கள் காரணம் என்றால், இந்த வசதியுள்ள காரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆச்சரியமாக, மேட்டில் அதிகம் சோதிப்பது ஏஎம்டிதான். தெருவைவிட வீடு உயர்ந்து, கேட்டுக்கு முன்னால் சரேலென்று சாய்தளம் போட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். அதில் ரிவர்ஸில் ஏற்ற வேண்டும். சமதளத்தில் ஊர்ந்த வண்டி சாய்தளத்தில் ஊராது, நிற்கும். லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் யோசிக்கும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சட்டென்று பிடித்துத் துள்ளும். பின்னால் சுவர். கிளட்ச்சை எவ்வளவு விடுவது என்று முடிவு செய்வது கணினி என்பதால், மேனுவலில் அங்குலம் அங்குலமாக ஏற்றுவதுபோல இதில் ஏற்றுவது கடினம். இதற்கு வழி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி, வண்டியின் பின்பக்கம் இழுவையில் லேசாக அசைவதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குவது. டிரைவிங் ஸ்கூலில் மேட்டில் கிளப்பச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. சிக்னலில் மேட்டில் நிற்கும்போது சிலர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைப்பார்கள். கிளட்ச் பெடல் இல்லாததால் எதுவும் தேய்வதாகத் தோன்றாது. உள்ளே கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடேறிக்கொண்டிருக்கும். பல ஏஎம்டி கார்கள் எச்சரிக்கை ஒலி கொடுக்கும். கேட்காவிட்டால் பிளேட் சீக்கிரம் போய்விடும். மேனுவல் வண்டி என்றால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிளட்ச் மாற்றிவிடுவார்கள். ஏஎம்டியில் பிளேட் மாற்றிய பிறகு புதிய கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கணினிக்குப் பழக்க வேண்டும்; அதற்கான கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். கிளட்ச் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் ஏஎம்டி ஓட்டுகிறவருக்குத்தான் அது அதிகம் செலவு வைக்கும்.

அடுத்து மலை. வாணியம்பாடி வழியாக ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏழுக்குப் புலவர்கள் பெயர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். ஏறும்போது மேனுவல் ஸ்விஃப்ட் சுகமாக இருக்கிறது. இந்த இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் பெரிதாக இழுக்காது என்பதால், வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். மேனுவலில் அதை நீங்கள் செய்வீர்கள், கண் வளைவைப் பார்த்துவிட்டது. ஏஎம்டிக்கு வளைவு தெரியாது. மூன்றாம் கியரிலேயே உள்ளே நுழைந்து, பாதி வளைவில் இழுவை போதாமல், அப்புறம் இரண்டுக்கு மாறும். எதிரே பஸ் வரும் நேரத்தில் அந்தத் தயக்கம் நன்றாக இருக்காது. ஆகவே லீவரை ‘எம்’ (மேனுவல்) பக்கம் தள்ளி, கியரை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள். இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போதும் இதேதான்.

இறங்கும்போது இன்னும் கவனம். லீவரை ‘டி’யில் (டிரைவ்) விட்டால் ஏஎம்டி மேல் கியருக்குப் போக முனையும், வேகத்தைக் கட்ட பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நடந்த விபத்துகள் நீலகிரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர்களின் சொல் இரண்டு வண்டிக்கும் பொருந்தும். ‘எம்’மில் போட்டு இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்; குறுகிய மலைச்சாலையில் முன்னுரிமை ஏறுகிறவருக்கு என்பதுதான் விதி.

மைலேஜ் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். நிறுவனம் அறிவித்த அளவு மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., ஏஎம்டிக்கு 25.75 கி.மீ. நகர நெரிசலில் இரண்டுமே அதைவிடக் குறையும். ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோல் குடிக்கும் என்ற பழைய அச்சம் ஏஎம்டிக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டால் போதும். 2024 செப்டம்பரில் வந்த சிஎன்ஜி ஸ்விஃப்ட்டுக்கு மேனுவல் மட்டுமே கொடுத்தார்கள். கேஸ் வண்டி வேண்டும் என்பவர்கள் அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஏஎம்டி அல்லாத ஆட்டோமேட்டிக்கும் இருக்கிறது. ஹோண்டா அமேஸில் உள்ள, படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடியில் கியர் மாறும் அந்தத் தலையாட்டலே கிடையாது. ஹூண்டாய் ஐ20இல் உள்ள ஐவிடியும் அந்த இனம்தான். மாருதி பிரெஸ்ஸாவில் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். மேட்டிலும் நெரிசலிலும் பதமாக நடந்துகொள்ளும். ஆனால் இவற்றுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். முதல் காருக்கு இஎம்ஐ கட்டப்போகும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம் அவ்வளவு செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் பணம் இருந்தால், சாய்தளமுள்ள வீடு என்றால், சிவிடி அருமையான தேர்வு.

கற்றுக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். இரு சக்கர வண்டிக்கு உரிமத்தில் கியர் உள்ளது, இல்லாதது என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காருக்கு அப்படி இல்லை. எல்எம்வி (இலகுரக மோட்டார் வாகனம்) என்ற ஒரே பிரிவு. எனவே ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறோம், மேனுவல் எதற்குக் கற்க வேண்டும் என்று தோன்றலாம். கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். மேலே சொன்ன ஒவ்வொரு இக்கட்டிலும், ஏஎம்டியைக் காப்பாற்றுவது மேனுவலில் படித்த பாடம்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்றுநர் பக்கமும் பெடல்கள் இருக்கும். உங்கள் ஹாஃப் கிளட்ச்சைப் பல நேரம் அவர் கால்தான் சரிசெய்துகொண்டிருக்கும். ஆகவே உரிமம் வாங்கிய கையோடு நின்றுவிடாமல், சொந்தக்காரர் வண்டியிலோ நண்பர் வண்டியிலோ, பக்கத்தில் நன்கு ஓட்டத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு மேடுகளில் பழகுங்கள்.

மேனுவலிலிருந்து ஏஎம்டிக்கு மாறும்போது இடது காலை முழுவதுமாக ஓரம் வைத்துவிடுங்கள். பழக்கத்தில் கிளட்ச் என்று நினைத்து அது பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். ஏஎம்டியில் ‘பி’ (பார்க்) கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். நிறுத்தும்போது கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டால் பெரும்பாலும் காலியான நேர்சாலையில் ஒரு சுற்று கொடுப்பார்கள். அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். சாய்தளத்தில் ரிவர்ஸ் ஏற்றிப் பாருங்கள். ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் ஏஎம்டி என்றால், இன்ஜின் சூடேறிய பிறகும் முதல் கியரில் அதிராமல் கிளம்புகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

என் முடிவு இது. சென்னை, கோவை போன்ற நகரத்தில் தினமும் அலுவலகம் போய்வர முதல் கார் வாங்குகிறவர், மேனுவலில் ஓட்டக் கற்றுக்கொண்டு, விஎக்ஸ்ஐ ஏஎம்டியை வாங்கலாம். அந்தக் கூடுதல் விலை வீண் போகாது. மலையூரில் இருப்பவர்கள், வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகிறவர்கள், பட்ஜெட்டை இழுத்துப் பிடிக்க வேண்டியவர்கள் மேனுவலையே வாங்குங்கள். ஹில் ஹோல்ட் இருக்கும் காராக மட்டும் பார்த்து வாங்குங்கள்.