‘ஜகாட்’ படமும் நமது கைதட்டலும்

மலாய் மொழியில் ‘ஜஹாட்’ என்றால் தீயது என்று பொருள். நமது தோட்டத்து நாவு அதனை ‘ஜகாட்’ ஆக்கிக்கொண்டது. அடங்காத பிள்ளைமேல் எறியவும் கற்றது. அச்சொல்லையே பெயராகக் கொண்டு 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தது, ஷாஞ்சை குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப்படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமென்ற பரிசையும் பெற்றது. பரிசு நிற்க, மாணவராகிய நாம் கண்டது வேறு.

தோட்டங்கள் கலைந்த பின், 1990-களின் தொடக்கத்தில் வளரும் 12 வயதுச் சிறுவன் அப்போய். தகப்பனார் படி, படி என்கிறார், தவறினால் அடிதான். அவனது கற்பனைக்குப் பள்ளியிலும் இடமில்லை. கும்பலில் சேர்ந்த சிற்றப்பனுக்கோ தெருவில் ஒரு மதிப்பு! சிறுவன் எவரைப் பின்பற்றுவான்?

இங்கே நாம் தலைகுனிய நேர்ந்தது. கொட்டகையில் கத்தியெடுக்கும் கதாநாயகனுக்குக் கைதட்டி ஆர்ப்பரித்தவர் நாமேயன்றோ? வெளியே வந்ததும், அவனைப்போல் தோள் குலுக்கி நடக்கும் பையனை ஜகாட் என்கிறோம். சென்னைப் படங்கள் மறைக்கும் இவ்வுண்மையை இப்படம் கூசாமற் காட்டுகிறது. அடியாள் வாழ்வை அலங்கரிக்கவில்லை.

குறையும் உண்டு. ஆடவர் எல்லாரும் பேசித் தீர்க்கிறார்கள். தாயாருக்கோ வாய் திறக்க நேரமே இல்லை. அடிபட்ட பிள்ளையைப் பற்றி அவ்வம்மையார் என்ன நினைத்தாரென்று அறிய நாம் கடைசிவரை காத்திருந்தோம்.